எட்டாம் நம்பர் வீட்டில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை

எல்லைமேட்டு காலனியின் தண்ணீர் மோட்டார் ரூமில் புது கண்ட்ரோல் போர்டு மாட்டிய அன்று, போன கரண்ட் திரும்பி வந்த அதே நொடியில், இரண்டாம் நம்பர் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாயங்கால வியாபாரத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பஜ்ஜிக்கடை அங்கண்ணன், பெற்ற தாய் செத்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்லுளிமங்கன் என்று பெயர் எடுத்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். வெங்காயம் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வரத்தானே செய்யும் என்று அவர் பெண்சாதி மாராத்தாள் முதலில் கண்டுகொள்ளவில்லை. வெங்காயக் கூடையை எடுத்து உள்ளே வைத்த பிறகும் மனுஷன் விடாமல் அழுததைப் பார்த்துத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அதே நொடியில் அதே தெருவில் முப்பத்திரண்டாம் நம்பர் வீட்டு வாசற்படியில், புருஷன் பரணிதரன் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்ததிலிருந்து ஆறேழு மாதமாக அழவும் இல்லாமல் தூங்கவும் இல்லாமல் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்த சுகந்தி, புடவையை உதறிக்கொண்டு எழுந்து, "இந்தச் சல்லடைய எங்க வெச்சுத் தொலைச்சேன், மாவு சலிக்கோணுமே" என்று முனகியபடி உள்ளே போனாள். சல்லடையைத் தேடினாள், கிடைக்கவில்லை. மூடி வைத்திருந்த பழைய சோற்றில் மோரை ஊற்றி இரண்டு பச்சைமிளகாயைக் கடித்துச் சாப்பிட்டாள். பாயை விரித்துப் படுத்தாள். படுத்தவள் தூங்கினாள்.

தோசையும் சட்டினியும் எடுத்துக்கொண்டு வந்த அக்கா கோகிலவாணி, தங்கச்சி குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்துத் தூக்குவாளியோடு அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தூக்கத்துக்காக வாணி வேண்டாத சாமி இல்லை, மருதமலைப் படியை ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துபோயிற்று, டாக்டர் கொடுத்த மாத்திரை சுகந்தியின் வாயைத்தான் உலர வைத்ததே தவிர கண்ணை மூட வைக்கவில்லை, இப்படியே போனால் இவளும் அவன் பின்னாலேயே போய்விடுவாள் என்று தெருவே பேசிக்கொண்டது. அவள் பிழைக்கவேண்டும், அது ஒன்றுதான் வாணிக்கு வேண்டியிருந்தது. பரணிதரன் போன காலையில் வாணி ஊரில் இல்லை. கம்பெனி வேலையாகப் பெங்களூருக்குப் போயிருந்தாள், அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், புருஷனின் செருப்பை ஒரு மஞ்சப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, தங்கச்சி தன்னந்தனியாக நின்றிருந்தாள் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டாள். கேள்விப்பட்டதே நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

எல்லைமேட்டு காலனி என்பது ஒரே ஒரு நீளத் தெரு. கோயம்புத்தூரின் ஓரத்தில், மோட்டார் ரூமில் தொடங்கி ரயில்வே லைன் வரைக்கும், ஒரே பக்கமாக எழுபத்துச் சொச்சம் வீடுகள், நீலப் பெயிண்ட்டில் வரிசையாக நம்பர் போட்டிருக்கும். தெருவுக்கே ஒரு போர்வெல், ஒரு மேல்தொட்டி. மோட்டாரை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ள ஒரு போர்டு. அந்த போர்டைச் செய்தது கணபதி ஏரியாவில் வாணி வேலை செய்யும் சின்ன கம்பெனி, அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதியது வாணி. சொந்தத் தெருவுக்கு என்பதால் முதல் போர்டை இங்கேயே மாட்டிப் பார்த்தார்கள். இது நன்றாக ஓடினால் ஊர் ஊராக அனுப்புவது என்று முதலாளி மாரப்பன் முடிவு செய்திருந்தார்.

ஒரு போர்டு தூங்கி எழுந்தால் அதற்குத் தன்னுடைய அளவே தெரியாது. அதிலும் மாரப்பன் கம்பெனி போர்டுக்குச் சுத்தமாகத் தெரியாது, ஏனென்றால் மார்க்கெட்டில் அந்த வாரம் எந்த மெமரி சிப் கிடைக்கிறதோ அதை வாங்கி ஒட்டிவிடுவார்கள், ஒரு போர்டில் சின்னது இருக்கும், அடுத்ததில் பெரியது இருக்கும். ஆகவே கரண்ட் வந்ததும் முதன்முதலாகக் கண்விழிக்கிற சின்னப் புரோகிராம் ஒன்று, மற்ற வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், தனக்கு எவ்வளவு மெமரி கொடுத்திருக்கிறார்கள் என்று தானே நடந்துபோய் அளந்துகொள்ளும். மெமரியும் நம்பர் போட்ட வாசல்கள் வரிசையாக உள்ள ஒரு தெருதான், ஒவ்வொரு வாசலாகப் போக நேரமில்லை. முதல் வாசலில் ஓர் அடையாளம் வைக்கும், அப்புறம் இரண்டாவதில், நான்காவதில், எட்டாவதில் என்று இரட்டித்து இரட்டித்துப் போகும். வைத்த அடையாளம் வைத்த இடத்தில் இருந்தால் அங்கே மெமரி இருக்கிறது. பதிலே வராவிட்டால் அதற்குமேல் ஒன்றுமில்லை. எல்லை தாண்டிப் போய்விட்டாலோ, அங்கே வைத்த அடையாளம் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும், சரி, தெரு முடிந்தது என்று புரிந்துகொள்ளும். வாசலில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அடையாளம் வைக்கும் முன் அதைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டு, அளந்து முடித்ததும் அவரவர் பொருளை அவரவர் வாசலில் திருப்பி வைத்துவிட வேண்டும். அதுதான் மரியாதை.

அந்த மரியாதையைச் செய்கிற இடத்தில்தான் வாணி சறுக்கியிருந்தாள். இஸ்திரிக்காரர் முதல் வீட்டிலிருந்து துணி வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார், கடைசி வீட்டுத் துணி மேலே இருக்கிறது, தேய்த்துக் கொண்டுவந்து கொடுக்கும்போது கடைசி வீட்டிலிருந்து தொடங்கியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும், மறுபடியும் முதல் வீட்டிலிருந்தே தொடங்கினால் என்ன ஆகும்? முதல் வீட்டுக்காரன் கடைசி வீட்டுக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போவான். கண் திறந்த நொடியில் மெமரிக்குள் யார் குடியிருக்கப் போகிறார்கள், எது எங்கே போனால் என்ன என்ற அலட்சியத்தில் வாணி அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிற அலட்சியம்தான்.

அந்தப் புரோகிராம் ஏன் போர்டை விட்டிறங்கித் தெருவில் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டிய வாணியே கேட்கவில்லை. "தண்ணிப் பைப்பு எல்லா ஊட்டுக்கும் போகுதில்லீங்களா, அது வழியாப் போயிருக்கும்" என்று மோட்டார் ஆபரேட்டர் சென்னிமலை சொன்னான், சரி, இருக்கலாம் என்று அதோடு விட்டுவிட்டார்கள்.

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு. கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் இந்த ஏழு வீட்டிலும் வாசலுக்கு மிகக் கிட்ட யார் இருக்கிறாரோ அவர் மனசில் அப்போது எது முன்னால் நிற்கிறதோ அது மறுமுனையிலிருந்து எண்ணினால் வரும் வீட்டுக்குப் போயிற்று, ஒன்றுக்கு அறுபத்து நான்கு, இரண்டுக்கு முப்பத்திரண்டு, நான்குக்குப் பதினாறு. ஒன்றாம் நம்பர் வீட்டுப் புதுப்பெண் பிருந்தா, கல்யாணமாகி வளையல் சத்தம்கூட அடங்காதவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உக்கடமெல்லாம் எறங்கு, படியில நிக்காத, உள்ள போ உள்ள போ" என்று மாமியாரை அதட்டினாள். அறுபத்து நான்காம் நம்பரில் ரிட்டையர்டு கண்டக்டர் வெள்ளியங்கிரி நாள் முழுக்கக் கன்னம் சிவந்து, யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு, சுவரில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர்க்காரிக்கும் பதினாறாம் நம்பர்க்காரிக்கும் துணி காயப்போடும் கொடியை வைத்துப் பல வருஷச் சண்டை. ஒருத்தி மனசில் நின்றது இன்னொருத்திக்குப் போனது, இன்னொருத்தியுடையது இவளுக்கு வந்தது, இரண்டும் அச்சு அசலாக ஒரே வசவு என்பதால் ஏதோ நடந்தது என்பதே அந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நடுவில் இருந்த எட்டாம் நம்பர் வாணியின் வீடு. அடுக்கை எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுவில் இருப்பது நடுவில்தான் இருக்கும், அவளுடையது அவளுக்கே திரும்பி வந்தது. கரண்ட் வரும்போது மட்டும் ஒரு கண்சிமிட்டும் நேரம் தலைக்குள் ஒன்றுமே இல்லாமல் போகும். காப்பி குடிக்காததால் வந்த கிறக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

தெருவில் ஆளாளுக்கு நடந்ததைச் சொல்ல, எந்தெந்த வீடு என்று நம்பர்கள் காதில் விழுந்ததுமே வாணிக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அவள் எழுதிய வரிசை அவளுக்குத் தெரியாதா? லேப்டாப்பைத் திறந்தாள், தப்பைப் பார்த்தாள். கடைசி வீட்டிலிருந்து திருப்பிக் கொடு என்று மாற்றவேண்டும், அவ்வளவுதான், சோறு கொதிக்கிற நேரத்துக்குள் முடிகிற வேலை. கையை விசைப்பலகைமேல் வைத்தவள் தங்கச்சி குறட்டை விட்டுத் தூங்கிய முகத்தை நினைத்தாள், லேப்டாப்பை மூடினாள்.

மறுநாளும் கரண்ட் போய் வந்தது. அங்கண்ணன் தன் வீட்டு வாசலில்தான் இருந்தார், அவர் மனசில் வேறு எது முன்னால் நிற்கும்? இருந்தது அப்படியே கிளம்பி முப்பத்திரண்டாம் நம்பருக்குத் திரும்பிப் போயிற்று, சுகந்தி கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். வாணி ஊட்டிய சோறு கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள் வாணி, அவளுக்குச் செத்துவிடலாம்போல இருந்தது.

அங்கண்ணன்தான் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேசிப் பழக்கமில்லாத மனுஷன், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மிணி, நேத்து பூராம் அது எங்கிட்ட இருந்துது. அந்த ஆஸ்பத்திரி வராந்தா, பச்சப் பெயிண்டு அடிச்ச செவுரு, கையில அந்தச் செருப்புப் பை, டாக்டரு கதவத் தொறந்துட்டு வர்றது. என்ற ஆத்தா செத்தப்பக்கூட இப்பிடி இல்லீங். இத இந்தப் புள்ள இத்தன நாளு ஒண்டியா வெச்சுட்டிருந்துருக்குது. அதை இன்னொருக்கா எங்கிட்டயே உட்ருங்க. புள்ள சித்தெ தூங்கட்டும்."

"உங்களுக்குக் கடை இருக்குதுங்களேண்ணா" என்றாள் வாணி.

பின்னாலேயே வந்திருந்த மாராத்தாள் முந்திக்கொண்டாள். "கடை எங்க போகுது? அழுதா மனுசன் தேய்ஞ்சா போயிருவாரு? மாவுல உப்புக் கரிச்சுது, ஒருத்தரும் வாயத் தொறக்கல, தின்னுட்டுத்தான் போனாங்க."

எழவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை, இன்றைக்கு இவர் வீடு, நாளைக்கு அவர் வீடு என்று தானாக முறை வந்துவிடும். சோற்றைக் கொடுக்கலாம் என்றால் வெசனத்தை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று மாராத்தாள் கேட்டாள், கூடாது என்று சொல்ல யாருக்கும் ஒரு காரணமும் அகப்படவில்லை. இப்படித்தான் எல்லைமேட்டில் அந்த முறை தொடங்கியது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், அந்தத் தெருவில் அது அடுத்தவர்களுக்கும் வந்து தெரிந்தது.

செய்முறை ரொம்பச் சுலபம். அதை வைத்திருப்பவர் அங்கண்ணன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும், அடுத்து வாங்கிக்கொள்கிறவர் சுகந்தி வீட்டு வாசலில் உட்கார வேண்டும், சுகந்தி அந்த நேரத்துக்குச் சமையற்கட்டுப் பக்கம் போய்விட வேண்டும். கரண்ட் போய் வந்தால் கை மாறிவிடும். ஒரே ஒரு கண்டிஷன், ஏழு வீட்டில் எந்த வீட்டையும் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. பதினாறாம் நம்பர்க்காரி ஒரு தடவை பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போய்விட்டாள், போர்டு எட்டாவது வாசல் வரைக்கும் நடந்து, பதினாறில் பதில் வராமல், தெரு இவ்வளவுதான், இந்த மெமரி போதாது என்று முடிவுகட்டி மோட்டாரையே போடவில்லை. தெருவே தண்ணீரில்லாமல் அவள் திரும்பி வரும் வரைக்கும் காலிக் குடத்தோடு நின்றது. வந்தவளுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லாமல் விடுவதே நல்லது.

அடுத்த தடவை கரண்ட் போய் வந்ததில் அது அங்கண்ணனுக்கே வந்தது, அப்புறம் கை மாறிக்கொண்டே போயிற்று. மாராத்தாள் வாங்கிக்கொண்டாள், அன்றைக்குப் பூராவும் வேலை செய்துகொண்டே அழுதாள், அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் போட்டாள். வெள்ளியங்கிரி வாங்கிக்கொண்டார், பழைய யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "எனக்கு முன்னாடியே அங்கண்ணன் அந்த வராந்தாவுல நின்னுட்டிருந்தாப்புல, துண்ட வாயில வெச்சுட்டு. மாராத்தாளும் பெஞ்சு மேல உக்காந்திருந்துது. அதனால எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்துது" என்று மறுநாள் டீக்கடையில் சொன்னார். கேட்டவர்கள், அப்படியா, நல்லதாப் போச்சு என்று டீயைக் குடித்தார்கள். பிருந்தா பயந்து பயந்து வாங்கிக்கொண்டாள், அவளுக்கு வந்தபோது வராந்தாவில் கண்டக்டரும் இருந்தார், யூனிஃபார்மோடு, வழியில் வருகிறவர்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டு. நாலாம் நம்பர்க்காரி வாங்கிக்கொண்டாள், அவளிடமிருந்து யார் வாங்குவது என்ற பேச்சு வந்தபோது பதினாறாம் நம்பர்க்காரி எழுந்து தலைமுடியை முடிந்துகொண்டு, "நான் வாங்கிக்கறேன், அவளே தாங்கறா, நான் தாங்க மாட்டனா?" என்றாள். கொடிச் சண்டை அதற்கப்புறமும் நடந்தது, ஆனால் சத்தம் குறைவாக நடந்தது.

இந்த நாட்களில் சுகந்தி தூங்கினாள். சாப்பிட்டாள். கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு நாள் கடலைமாவு விலையைப் பற்றிக் கவலைப்பட்டாள், இன்னொரு நாள் யாருடைய மாமியாரைப் பற்றியோ குறைப்பட்டாள், எல்லாம் முறையில்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தபோது வந்து சேர்ந்த பிறத்தியார் கவலை, அவளுக்கு அவை ஒரு பாரமாகவே தெரியவில்லை. வாணிக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. தப்பைத் திருத்தாமல் விட்டதற்கு ஒரு பொட்டுக்கூட வெட்கமில்லை. முறையில் அவள் பேர் வரும்போதெல்லாம் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி, ஆபீஸ் இருக்கிறது, தலை வலிக்கிறது என்று அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாள். அந்த வராந்தாவுக்குள் போக அவளுக்குப் பயமாக இருந்தது. அன்றைக்குப் போகாத இடத்துக்கு இன்றைக்கு எந்த முகத்தோடு போவது?

முதலாளி மாரப்பன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். "என்னம்மா, உங்க காலனி போர்டு ஜம்முனு ஓடுதாமே. அடுத்த வாரம் வெளியூருக்கு லோடு ஏத்தறோம். கடைசிப் புரோகிராமக் குடுத்துரு" என்றார்.

வாணிக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு ஊரில், வேறு தெருவில், யாரோ ஒருத்தியின் வெசனம் கிளம்பி யாரோ ஒருவனின் தலையில் போய் இறங்கும். அந்தத் தெருவில் ஓர் அங்கண்ணன் இருப்பானா, ஒரு மாராத்தாள் இருப்பாளா என்று யார் கண்டது? முறை வைத்துத் தாங்கத் தெரியாத ஊரில் அது ஆளையே கொன்றுவிடும். திருத்தாமல் அனுப்ப முடியாது. அனுப்பும் முன் திருத்தியதைச் சோதித்துப் பார்க்கத் தன் தெருவிலேயே ஏற்றத்தான் வேண்டும், ஏற்றிவிட்டாலோ அந்த நேரத்தில் அந்த வராந்தா யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கடைசி வரைக்கும் தங்கிவிடும்.

"எங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்" என்று அங்கண்ணன் சொன்னார். "உனக்குச் சக்கரை இருக்குது, நான் வெச்சுக்கறேன்" என்றார் வெள்ளியங்கிரி. மோட்டார் ரூம் முன்னால் இதற்கு ஒரு கூட்டமே நடந்தது, வேண்டாத பொருளை அடுத்தவன் தலையில் கட்டத்தான் ஊரில் சண்டை வரும், இங்கே அதை வாங்கிக்கொள்ளச் சண்டை வந்தது.

சத்தம் கேட்டுச் சுகந்தி வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"என்னோடத எங்கிட்டக் குடுத்துருங்க" என்றாள்.

வாணி அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாங்கண்ணு. இப்பத்தான் நீ நாலு வாய் சோறு உங்கறே."

"அக்கா, அவரு செத்துட்டாருங்கறது எனக்குத் தெரியும். பேப்பர்ல படிச்ச மாதிரித் தெரியுது. போட்டோவப் பாத்தா அழுகை வர்ற எடத்துல ஒண்ணுமே இல்ல. பல்லு விழுந்த எடத்த நாக்கு தேடற மாதிரித் தேடிட்டே இருக்கறேன்." சுகந்தி கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்கெல்லாம் எனக்காகத் தாங்குனீங்க. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டனுங்க. ஆனா அவரு கடைசியா இருந்தது அந்தக் காலையிலதானுங்க. அது இல்லாம எனக்கு அவரு முழுசா இல்ல."

வெள்ளியங்கிரி மூக்கைச் சிந்தினார். சரி என்று முடிவாயிற்று.

"கடைசி முறை என்னோடது" என்றாள் வாணி. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள் வாங்கிக்கொண்டாள். பயந்ததுபோலத்தான் இருந்தது, பயந்ததைவிட மோசமாகவும் இருந்தது. பச்சைச் சுவரும், பினாயில் வாடையும், மஞ்சப்பையில் செருப்பின் கனமும், கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ ஒரு சாமானை நகர்த்துகிற சத்தமும். அன்றைக்கு அவள் ஆபீஸ் போகவில்லை, அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு பருக்கைகூட உள்ளே இறங்கவில்லை. ஒரே பகல் சுமந்ததற்கே இடுப்பொடிந்துபோனவள், இதை அந்தச் சின்னவள் ஆறேழு மாதம் ஒருத்தியாகச் சுமந்தாளே என்று நினைத்து நினைத்து அதற்கும் சேர்த்து அழுதாள்.

திருப்பிக் கொடுக்கிற நாளில் கரண்ட் போகவே இல்லை. எல்லைமேட்டில் அப்படி ஒரு அதிசயம் நடந்ததே கிடையாது. வாணி இரண்டாம் நம்பர் வாசலிலும் சுகந்தி முப்பத்திரண்டாம் நம்பர் வாசலிலும் உட்கார்ந்திருக்க, மற்ற ஐந்து வீட்டிலும் முந்தின நாள் மாறிப்போனது திரும்பி வந்துவிடும் என்று அதே ஆட்கள் தயாராக நிற்க, ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. "அட கெரகமே, மிக்ஸி போட்டாப் போகும், சீரியல் பாத்தாப் போகும், வேணுங்கறப்பப் போகுதா பாரு" என்று மாராத்தாள் மின்சாரத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். வெயில் சாயும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, சென்னிமலை எழுந்துபோய் மோட்டார் ரூமில் ஃபியூஸைப் பிடுங்கி, மனசுக்குள் முருகனைக் கும்பிட்டு, மறுபடி சொருகினான்.

கண்சிமிட்டும் நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு வாணியின் மனசில், இதுவரை அந்த வராந்தா இருந்த இடத்தில், வேறொன்று வந்து நின்றது. சுகந்தியின் மனசில் அந்த நொடியில் முன்னால் நின்றது. 'அக்கா நேத்திருந்து ஒண்ணும் சாப்புடலையே, மொகமே வாடிக் கெடக்குதே, சுடச்சுட ரெண்டு தோசை ஊத்திக் குடுத்தா உண்பாளோ மாட்டாளோ.' வாணிக்குத் தன்னைப் பற்றித் தானே இரக்கப்படுவது விநோதமாக இருந்தது. இவ்வளவு நாளும் தான்தான் அவளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்திருந்தாள். இத்தனை வாடாத அன்பு ஒன்று தன் பெயரில் அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே இருந்திருக்கிறது, தெரியவில்லை.

உட்கார நேரமில்லை. இன்னொரு தடவை கரண்ட் போவதற்குள் புதுப் புரோகிராமை ஏற்றியாக வேண்டும். மோட்டார் ரூமுக்கு ஓடினாள், லேப்டாப் வயரைச் சொருகினாள். ஏறி முடிந்ததும் சென்னிமலை மறுபடியும் ஃபியூஸைப் பிடுங்கிச் சொருகினான். போர்டு கண்விழித்தது, தெருவில் இறங்கி இரட்டித்து இரட்டித்து நடந்தது, அளந்தது, எடுத்ததையெல்லாம் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி அவரவர் வாசலில் வைத்துக்கொண்டே வந்தது.

"என்னோடது எங்கிட்டயேதான் இருக்குது" என்று அங்கண்ணன் தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "என்னோடதுந்தானுங்" என்றாள் பிருந்தா. தெருக்கோடியிலிருந்து வெள்ளியங்கிரி விசில் ஊதினார். மோட்டார் உறுமியது, மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, ஒவ்வொரு வீட்டிலும் குழாயைத் திறந்து பார்த்தார்கள்.

வாணி முப்பத்திரண்டாம் நம்பருக்கு நடந்தாள். திரும்ப அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமே என்று பயந்துகொண்டே போனாள்.

சுகந்தி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பரணிதரன் போனதிலிருந்து அவள் கண்ணில் வராத தண்ணீர் இப்போது கொட்டிக்கொண்டிருந்தது, மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை விழுந்து எழுந்து அழுவதுபோல வாயைத் திறந்து அழுதாள். அக்காவைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"எல்லாரும் இருந்தாங்கக்கா" என்றாள். "நான் ஒண்டியா நின்னேன்னு நெனச்சிட்டிருந்தேன். அங்கண்ணண்ணன் இருந்தாரு. மாராத்தாக்கா என்னையப் புடிச்சு உக்கார வெச்சுது. கண்டக்டரு யாரையும் என்மேல இடிக்க உடல. அந்தக் கொடிச் சண்டைக்காரிக ரெண்டு பேரும்கூட ஆளுக்கொரு பக்கமா நின்னாங்க. டாக்டரு வந்து சொன்னப்ப அத்தன பேரும் எம் பின்னாடிதான் இருந்தாங்க."

வாணி தலையசைத்தாள். அவளுக்கு இப்போது அந்த வராந்தா பேப்பரில் படித்ததுபோலத்தான் தெரிந்தது, போயிருந்தாள் என்பது மட்டும்தான் நிச்சயம்.

"நீயுந்தான் நின்னே" என்றாள் சுகந்தி. "அந்தக் கடைசியில, செவுத்தோட ஒட்டிக்கிட்டு, வர்றதா போறதான்னு தெரியாத மாதிரி. எதுக்கக்கா அவ்வளவு தள்ளி நின்னே?"

சுகந்தி படியில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.